சீட்டில்லாத அறிவிப்பு

எங்கள் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்த வண்டி, எந்த ஊருக்கு, எந்த நடைமேடை, எத்தனை மணி. அதற்கு மேல் அது ஒரு வார்த்தை பேசாது. ஆனால் அது எழச் சொன்னால் கூட்டம் எழும், உட்காரச் சொன்னால் உட்காரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை டிரைவர்கள் ‘மைக்கம்மா’ என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் அங்கே டைம் கீப்பர். வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதுவது, டிரைவர்களிடம் வசவு வாங்குவது, வாங்கியதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பது, இதுதான் என் வேலை. என் மேசைக்கும் அவள் மேசைக்கும் மூன்றடி. என்னைவிடப் பத்து வயது இளையவள், கூடப் பிறந்த தங்கை மாதிரி, அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வரட்டும்.

தேன் குரலெல்லாம் கிடையாது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. முதலில் விரலால் மைக்கை ஒரு தட்டு, டொக். பிறகு ஒரு மூச்சு. எண்ணை மட்டும் இரண்டு தரம் சொல்வாள்: “ஏழு. ஏழாம் நடைமேடை.” காது மந்தமானவர்களுக்காக அப்படி என்று ஒருமுறை சொன்னாள். அவள் புருஷன் லேத் பட்டறையில் இருபது வருடம் இரும்பு கடைந்து இரண்டு காதையும் பாதிக்கு மேல் தொலைத்தவர். வீட்டில் அவள் பேசினால் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவளை ஊரே கேட்டது, அவர் ஒருவர்தான் பார்த்தார்.

இதில் மிகையில்லை. எங்கள் அறைக்கு நடைமேடைப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தாலும், டீசல் புகைக்குப் பயந்து அதை மூடிப் பச்சைத் திரை போட்டிருந்தோம். அவள் வருவதும் போவதும் பின்வாசல், கழிப்பறைப் பக்கம். “அந்தம்மா ஆள் எப்படி சார், சினிமா நடிகை மாதிரி இருப்பாங்களா?” என்று ஒரு பயணி கேட்டபோது, “அதுக்கும் மேல” என்று நான் அளந்துவிட்டிருக்கிறேன். உண்மையில் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு ஒடிந்து நூலால் கட்டியிருக்கும். மூன்று வருடமாகக் கட்டித்தான் இருக்கிறது.

டிக்கெட் கவுண்டருக்குத்தான் வேலைக்கு வந்தாள். அப்போது அறிவிப்புச் செய்த ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாரும்மா” என்றார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

வந்த முதல் வாரம் ஒரு தப்பு நடந்தது. யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டு, மூன்றாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டாள். வண்டி ஒன்பதிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. அதைத் தவறவிட்ட ஒருவர் அடுத்த வாரம் பின்வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “நீங்க சொன்னீங்கன்னு மூணுல நின்னேன்மா. அப்பா முகத்தைப் பாக்க முடியல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைத்த சீட்டு இல்லாமல் அவள் வாய் திறக்க மாட்டாள். படித்த சீட்டை மேசைமேல் நிற்கும் இரும்புக் கம்பியில் குத்திவிடுவாள். ஒருமுறை யாரோ தலைவர் வருகிறார், வரவேற்க எல்லாரும் வாசலுக்கு வரவேண்டும் என்று சொல்லச் சொன்னார் மேனேஜர். “எழுதிக் குடுங்க சார்” என்றாள். அவர் கையெழுத்துப் போடப் பயந்தார். தலைவர் வந்தார், போனார். ஸ்பீக்கர் வழக்கம்போல் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

சீட்டில் இல்லாததை அவள் பேசியது ஒரே ஒரு நாள்தான். ஆறு வருடத்துக்கு முந்தைய பெருமழை அன்று. பாலம் முழுகி ஒன்பது மணி நேரம் வண்டியே இல்லை. இரண்டு நாளைக்கு பஸ் கிடையாது என்று எவனோ கிளப்பிவிட, கூட்டம் குழந்தைகுட்டியோடு தண்ணீருக்குள் நடந்தே போகத் துணிந்துவிட்டது. மூன்று வண்டி சுற்றுப்பாதையில் வருகிறது என்று நான் சீட்டு எழுதினேன். அதைப் படித்தவள், மைக்கை அணைக்காமல், “வரும். நான் சொல்றேன், உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார்கள். வண்டிகளும் வந்தன. அன்று நடக்கத் துணிந்தவர்களில் பாதிப் பேர் அணைக்குடியிருப்பு ஆட்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணை கட்டியபோது வீடு முழுகியவர்களைக் கொண்டுவந்து எங்கள் ஊர் ஓரத்தில் குடிவைத்திருந்தார்கள். ஆள்தான் இங்கே, வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் அங்கேயே, அணைக்கரைப் பள்ளிக்கூடத்தில். முக்கால் மணி நேரப் பயணம். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. போன தேர்தலில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்தது வெறும் நூற்றுப்பத்து ஓட்டு. இந்த முந்நூறும் வந்தால் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கும், வராவிட்டால் இன்னொருவருக்கு. அதனால் இந்தத் தடவை அவர்களுக்கென்று மூன்று சிறப்பு வண்டிகள் கேட்டு வாங்கியிருந்தோம். பதினொன்றாம் நடைமேடை, பதினொரு மணி.

தேர்தல் நாள் காலை பத்தரைக்கு நான் டீ குடித்துவிட்டு நடைமேடை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்டம் நெரிந்தது. அப்போது கேட்டது.

டொக். ஒரு மூச்சு. “பயணிகளின் கவனத்திற்கு. அணைக்கரைப் பள்ளி வாக்குச்சாவடியில் இயந்திரக் கோளாறு காரணமாக வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டுள்ளது. மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும். பதினொன்று. பதினொன்றாம் நடைமேடையிலிருந்து புறப்பட இருந்த சிறப்புப் பேருந்துகள் ரத்து. பயணிகள் வீடு திரும்பவும்.”

தலைக்கு மேல் ஸ்பீக்கர் இருக்கிறது. அதிலிருந்துதான் வருகிறதா, சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த போனிலிருந்து வருகிறதா என்று நிமிர்ந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. என் புத்தி போன வழி இதுதான்: அவள் சொல்லிவிட்டாள் என்றால் சீட்டு இருக்கிறது, சீட்டு இருக்கிறது என்றால் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். அவளுடைய விதி எனக்கு அத்துப்படி என்பதாலேயே ஒன்றும் கேட்கவில்லை. நேரே வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். மூன்று டிரைவர்களையும் கூப்பிட்டு, “டிரிப் கட், வண்டி போகாது” என்றேன். ஒரு வண்டியைக் கடற்கரை ஊருக்கு அனுப்பினேன். ஒன்று பிரேக் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. சுருட்டைமுடி டிரைவரின் வண்டி டெப்போவுக்குத் திரும்பியது. டிரிப் ஷீட்டில் என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். இருபத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு சுறுசுறுப்பாக நான் ஒரு வேலையைச் செய்ததில்லை.

அறைக்குள் வந்தபோது அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மைக் அணைந்திருந்தது.

“யாரும்மா சீட்டு குடுத்தது, மேனேஜரா?”

“எந்தச் சீட்டு அண்ணே?”

நான் கம்பியைப் பார்த்தேன். மேலாக இருந்த சீட்டு ஒன்பது ஐம்பதுக்கு நான் எழுதியது. அப்படியென்றால் நான் கேட்டது ஸ்பீக்கரில் இல்லை, போனில்.

கண்டக்டர் ஒருவரின் போனை வாங்கி அவளுக்குப் போட்டுக் காட்டினேன். சாப்பிட்ட கையோடு கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். மூன்றாம் தரமும் கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவளோ வாயைப் பிளந்து, “அம்மாடி! எவ்வளவு அழகாப் பேசுறா அண்ணே. எனக்கு ஒரே மூச்சுல இவ்வளவு நீளம் வராது” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பயத்தைவிட முதலில் வந்தது பிரமிப்புதான், பொய் சொல்ல மாட்டேன். அந்த டொக் இருந்தது. அந்த மூச்சு இருந்தது. எண்ணை இரண்டு தரம் சொல்வது இருந்தது. பின்னால் தூரத்தில் ஒரு வண்டியின் ஹாரன்கூட இருந்தது. மூன்றடி தூரத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. நாள் முழுக்க ஊர் கேட்கப் பேசுகிறவளின் குரலை எடுக்க என்ன கஷ்டம்? எவனோ ஒரு நாள் நடைமேடையில் போனை நீட்டிக்கொண்டு நின்றிருப்பான். மீதியை மெஷின் பார்த்துக்கொண்டது. ஒரு மனுஷியின் பாதி ஆயுசை ஒரு மெஷின் ஒரு மூச்சில் பேசிவிட்டதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மணி பதினொன்று. அணைக்கரைப் பள்ளிக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டு சீட்டு எழுதினேன்: முன்பு பரவிய அறிவிப்பு எங்களுடையது அல்ல, வாக்குப்பதிவு நடக்கிறது, வண்டி வரும். கையெழுத்துப் போட்டேன். அவள் தட்டினாள், மூச்சு இழுத்தாள், படித்தாள். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். கூட்டம் ஸ்பீக்கரைப் பார்த்தது, பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குள் அதே போன்களுக்கு அடுத்த செய்தி வந்துவிட்டது. ‘பஸ் ஸ்டாண்ட் ஸ்பீக்கரில் இப்போது அந்த அம்மாவின் குரலில் போலி அறிவிப்பு ஓடுகிறது, யாரும் ஏமாற வேண்டாம்.’ அடப்பாவிகளா! மெஷின் பேசியது நிஜமாகிவிட்டது. அவள் பேசியது போலியாகிவிட்டது. “நெருப்பில்லாம புகையுமா?” என்று ஒரு பெரிய மனிதர் வேறு எடுத்துக் கொடுத்தார். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நகரத் தொடங்கினார்கள்.

சுருட்டைக்குப் போன் போட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன்.

“நீங்கதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? குரலை நம்பாதீங்கன்னு இப்பதானே மைக்ல சொன்னீங்களாம்” என்றான்.

“டேய், நான்தான்டா!”

“திட்டுறது உங்க மாதிரிதான் இருக்கு. ஆனா சீட்டு குடுத்து அனுப்புங்க சார்.”

அவன் சொன்னதும் நியாயம்தான். சீட்டு எழுதி ஒரு கண்டக்டரிடம் கொடுத்து பைக்கில் அனுப்பினேன். கடற்கரைக்குப் போன வண்டி பாதி வழி தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப் வண்டிக்கு மெக்கானிக் அதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். மூன்று வண்டி கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஒன்றில் வந்து நின்றது.

மேனேஜர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். மேலிடத்திலிருந்து நாலு போன் வந்துவிட்டதாம். “என்னம்மா பேசித் தொலைச்ச? எழுதினதைப் படிக்கிற கிளிப்பிள்ளை வேலை, அதைக்கூடவா ஒழுங்காச் செய்ய முடியல? விசாரணை முடியற வரைக்கும் மைக்கைத் தொடாத, வீட்டுக்குப் போ” என்றார்.

“எழுதிக் குடுங்க சார்” என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். பிறகு யாருக்கோ போன் பேசுவதுபோல் வெளியே போய்விட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது, கல்லூரியில் படிக்கும் மகள். அன்று விடுமுறை, வீட்டில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது.

“அம்மா, நீயாம்மா இப்படிப் பேசின? நீ எதுக்கும்மா தேர்தல் விஷயமெல்லாம்…”

பெற்ற மகளே கேட்டுவிட்டாள். மைக்கம்மாவின் முகம் அப்போதுதான் விழுந்தது. “அப்பாகிட்ட போட்டுக் காட்டினியா?” என்றாள்.

“காட்டினேன். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘இதுல உங்கம்மா எங்க? வாயே காணோமே’ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அவருக்கு என்னம்மா தெரியும்.”

அவள் போனை வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கம்பியோடு அன்றைய சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“வாங்க அண்ணே, வெளிய போவோம்.”

“வெளிய எங்க?”

“பதினொண்ணுக்கு.”

இருபத்திரண்டு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் நடைமேடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் யாரும் வழிவிடவில்லை, ஒரு சின்ன அம்மா கம்பியைத் தூக்கிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். பதினொன்றாம் நடைமேடையில் சிமெண்ட் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். “நான்தான் மைக்ல பேசுறவ” என்றாள்.

ஓரிருவர் திரும்பினார்கள். திரும்பியவர்களும் சிரித்தார்கள். “அந்தக் குரல் மாதிரியே இல்லையே!” ஸ்பீக்கரின் தகரக் குழாய் இல்லாமல் வெறும் தொண்டையில் வந்த குரல் மெலிசாக இருந்தது. இத்தனை வருடம் ஊர் கேட்டது குழாய் வழியாக வந்த குரல். மெஷின் படித்துக்கொண்டதும் அதைத்தான். நிஜமான தொண்டையை யாருக்கும் தெரியாது. நிஜம் நேரில் வந்து நின்றும் அதற்கு அங்கே ஒரு சாட்சி இல்லை.

“கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிக்கணும்” என்றார் நெருப்பு புகை பேசிய அதே பெரிய மனிதர். பத்து நிமிடத்தில் பஸ் கிளம்ப வேண்டிய இடத்தில் எவன் தீர விசாரிப்பது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து முதல் பஸ்ஸில் எங்காவது ஏற்றிவிடலாமா என்றிருந்தது.

அவள் யாரோடும் வாதாடவில்லை. கம்பியைத் தூக்கிக் காட்டினாள். “இவர் எழுதினாத்தான் நான் படிப்பேன். காலையில இருந்து படிச்சது அத்தனையும் இதுல இருக்கு. அந்தச் சேதிக்குச் சீட்டு இல்ல. பூத் திறந்துதான் இருக்கு. நான் சொல்றேன்.”

அந்த ‘நான் சொல்றேன்’ ஒரு மழைநாளில் ஆயிரம் பேரை உட்கார வைத்தது. இன்று ஒரு ஈ காக்கை அசையவில்லை.

அணைக்குடியிருப்பிலிருந்து துடைப்பம் விற்க வரும் அம்மா ஒருத்தி, வாட்டசாட்டமான ஆள், வாயும் அப்படியே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெஞ்சின் மேல் நின்றவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். செருப்பைக்கூட விடவில்லை.

“சொல்றது இருக்கட்டும்மா. சொல்றதுக்கு இன்னைக்கு எல்லாருக்கும் வாய் இருக்கு. இந்த வெயில்ல போயி அங்க கதவு சாத்திக் கிடந்தா? நீ கூட வர்றியா?”

மைக்கம்மா பெஞ்சிலிருந்து இறங்கினாள். சுருட்டை அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் கம்பியை என் கையில் திணித்துவிட்டு, படியில் ஏறி, கண்டக்டர் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

“அப்ப சரி” என்றாள் துடைப்பக்கார அம்மா. புடவையைச் செருகிக்கொண்டு அவளும் ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். குரலை ஒரு ஊரே சந்தேகப்பட்டது. கூட வந்து உட்கார்ந்தவளை யாராலும் சந்தேகப்பட முடியவில்லை. இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஐந்தடிக்கும் குறைவான அவளுக்குத் தோன்றியது. வண்டி கிளம்பியபோது என்னை அறியாமல் கும்பிட்டேன். சுருட்டை தனக்குத்தான் என்று நினைத்துப் பதில் கும்பிடு போட்டான்.

அவள் இல்லாத அறையில் மைக்கை நான் பிடித்தேன். என் குரலுக்கு யாரும் எழவுமில்லை, உட்காரவுமில்லை. “யாருய்யா இது, தொண்டையில ஆணி மாட்டின மாதிரி” என்று ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. தேர்தல் அதிகாரிகளின் மறுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு டிவியில் வந்தது. பொய் அதற்குள் சாப்பிட்டுக் கைகழுவியிருந்தது.

ஒரே வண்டி என்பதால் போய்ப்போய்த் திரும்ப வேண்டியிருந்தது. முதல் நடை ஒன்றேமுக்காலுக்குத் திரும்பியது. முன்னால் இறங்கிய துடைப்பக்கார அம்மா மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடியிருப்பு வரைக்கும் நடந்தாள். அதைப் பார்த்து இரண்டாவது நடைக்கு ஆள் வந்தது. “அந்தம்மா இருக்காங்களா?” என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். அவள் இருந்தாள். இரண்டாவது நடை திரும்பும்போது நாலு மணி.

எங்கள் இருவருக்கும் இரண்டு மணியோடு வேலை முடிந்துவிட்டது. ஓட்டுப் போட அதற்குப் பிறகுதான் போவதாக இருந்தோம். அவளுடைய வாக்குச்சாவடி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஆனால் வரிசை ஒரு மணி நேரம் நின்றால்தான் கதவைத் தொடும். ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். மூன்றாவது நடைக்கு ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள்.

“நீ போய் ஓட்டுப் போடும்மா. இந்த நடைக்கு நான் ஏறிப் போறேன்” என்றேன்.

நான் படியில் கால் வைப்பதற்குள் உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. “நீங்கதானே சார் காலையில பஸ்ஸை நிறுத்தினது?”

நான் காலைக் கீழே இறக்கினேன். இரண்டு பேர் இறங்கவும் தயாரானார்கள். மைக்கம்மா பின்தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ஒரே ஒரு தரம். பிறகு ஏறி அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

நான் போய் என் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன். வந்து பதினொன்றாம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். ஏழேகாலுக்கு வண்டி வந்தது. கடைசியாக அவள் இறங்கினாள். முகமெல்லாம் புழுதி, கண்ணாடியின் நூல் அவிழ்ந்து தொங்கியது. நான் கேட்கக் கூடாது என்று இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

“மணி ஆறாகும்போது எங்க இருந்த?”

“பள்ளிக்கூட வாசல்ல அண்ணே. கடைசி ஆள் உள்ள போறாங்களான்னு பாத்துட்டு நின்னேன். எனக்கும் ஒரு ஓட்டு குடுங்கன்னு சும்மா கேட்டுப் பாத்தேன், லிஸ்ட்ல பேர் இல்லம்மான்னு சொல்லிட்டாங்க” என்று சிரித்தாள்.

இறங்கிப் போன அத்தனை பேர் விரலிலும் மை. என் விரலிலும் மை. பஸ்ஸை நிறுத்தியவன் விரலில் மை இருக்கிறது, ஓட்டுப் போடக் கூட்டிப்போனவள் விரல் துடைத்த மாதிரி இருக்கிறது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கவனித்தாளா என்று தெரியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்று எண்பத்தேழு பேர் ஓட்டுப் போட்டார்கள். மீதி நூற்று இருபத்தைந்து பேர் வீட்டுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். யார் ஜெயித்தார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். யார் செய்தார் என்பது இன்றுவரை தெரியாது. விசாரணை நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கும்போல் தெரிகிறது. என் டிரிப் ஷீட்டில் நான் போட்ட கோடு மட்டும் அழியாமல் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை பச்சைத் திரையைக் கழற்றியதுதான். மேசையை ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டாள். புகை வரும், இருமல் வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “வரட்டும் அண்ணே” என்றாள். இப்போது ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஜனங்கள் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவள் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். அப்புறம்தான் எழுந்திருக்கிறார்கள். ஒரு அறிவிப்புக்கு நாலு நொடி கூடுதலாகப் பிடிக்கிறது. துடைப்பக்கார அம்மா, நகம் வளர்ந்து மை விளிம்புக்குப் போகும்வரை, தினமும் ஜன்னலுக்கு நேரே நின்று விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போனாள். மை போன பிறகும் வெறும் விரலைக் காட்டுகிறாள். வெறும் விரலால் இவளும் பதில் காட்டுகிறாள்.

நானும் மாறிவிட்டேன். அறிவிப்பு காதில் விழுந்ததுமே வண்டி நேரத்தை எழுதிய கை இப்போது எழுதுவதில்லை. மூன்றடி தூரத்திலிருந்து அவள் வாயைப் பார்த்த பிறகுதான் பேனா நகர்கிறது. போன வாரம் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“என்ன அண்ணே, அப்படிப் பாக்குறீங்க?”

மழுப்பலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. “நீதானான்னு பாக்குறேன்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டாள்.

“பாருங்க. பாத்துட்டே எழுதுங்க.”